அமெரிக்காவுல போலீஸ், ஃபயர் ஃபைட்டர் இறந்தா மனைவிக்கு என்ன வரும்? இல்லினாய்ஸ் கணக்கு

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும். சிஸ்டர் கேட்டது இதுதான்: தங்கச்சி சிகாகோ பக்கத்துல ஒரு சபர்ப்ல இருக்காங்க, வீட்டுக்காரர் அந்த ஊர் போலீஸ், 2013ல சேந்தவர். அவரோட அண்ணன் பக்கத்து ஊர்ல ஃபயர் ஃபைட்டர், 2006லயே சேந்துட்டார். "ஏதாவது ஆயிட்டா தங்கச்சிக்கு பென்ஷன் வருமா, எவ்வளவு வரும், நம்ம ஊர் குடும்ப பென்ஷன் மாதிரிதானா, ஃபண்டுல காசே இல்லன்னா என்ன பண்றது, மதுரையில இருக்க மாமியாருக்கு எதாவது உண்டா?" நான் இல்லினாய்ஸ்ல ஒரு முனிசிபாலிட்டி ஃபைனான்ஸ் ஆபீஸ்ல ரொம்ப வருஷமா இந்த ஃபைல்களத்தான் பாத்துட்டு இருக்கேன், அதனால தெரிஞ்சத சொல்றேன். நீளமாத்தான் போகும், டீ எடுத்துட்டு உக்காருங்க.

நம்ம ஊர் மாதிரி இல்லங்க. தமிழ்நாட்டுல பழைய பென்ஷன்ல இருக்கவங்களுக்கு பொதுவா கடைசி சம்பளத்துல 30 சதவீதம் குடும்ப பென்ஷன், ஏஜி ஆபீஸ்ல இருந்து ஆர்டர் வரும், கன்னியாகுமரியில இருந்தாலும் திருவள்ளூர்ல இருந்தாலும் ரூல் ஒண்ணுதான் (2003 ஏப்ரலுக்கு அப்புறம் சேந்தவங்க கதை வேற, அத இங்க இழுக்கல). அமெரிக்காவுல மாநிலத்துக்கு ஒரு சட்டம், அந்த மாநிலத்துக்குள்ளயே ஊருக்கு ஒரு ஃபண்டு. இல்லினாய்ஸ்ல மட்டும் சிகாகோ சிட்டிய விட்டுட்டு பாத்தாலே போலீசுக்கும் ஃபயருக்கும் சேத்து அறுநூறுக்கு மேல தனித்தனி லோக்கல் ஃபண்டு இருக்கு. சிகாகோ போலீசுக்கு தனி சட்டம், சிகாகோ ஃபயருக்கு தனி சட்டம், மத்த ஊர் போலீசுக்கு பென்ஷன் கோட்ல ஆர்டிகிள் 3, ஃபயருக்கு ஆர்டிகிள் 4. அதனால "அமெரிக்க போலீஸ் பென்ஷன்"னு கூகுள்ல தேடி வர்ற எந்த நம்பரையும் நம்பி தங்கச்சிக்கு சொல்லிடாதீங்க, அது டெக்சாஸ் நம்பரா இருக்கும். நான் கீழ சொல்றது சபர்ப் கணக்கு, ஆர்டிகிள் 3, 4.

நான் பாத்த வரைக்கும் குடும்பங்க "எவ்வளவு வரும்"னுதான் கேக்குறாங்க, ஆனா பதில் மூணு விஷயத்துல தொங்குது. அவர் எந்த தேதியில வேலைக்கு சேந்தார், எப்படி இறந்தார்னு பேப்பர்ல எழுதுறாங்க, கல்யாணம் எப்ப நடந்துச்சு. ஒரே ஸ்டேஷன்ல ஒரே ரேங்க்ல இருந்த ரெண்டு பேரு, ஒருத்தர் மனைவிக்கு முழு சம்பளமும் வரி இல்லாம வரும், இன்னொருத்தர் மனைவிக்கு மாசாமாசம் ஒண்ணுமே வராம போகலாம். ரெண்டுமே சட்டப்படிதான் நடக்கும்.

மொதல்ல தேதி. 2011 ஜனவரி 1க்கு முன்னாடி சேந்தவங்க டியர் ஒன் (Tier 1, அதாவது முதல் அடுக்கு), அன்னைக்கோ அதுக்கப்புறமோ சேந்தவங்க டியர் டூ (Tier 2). தங்கச்சி வீட்டுக்காரர் டியர் டூ, அவர் அண்ணன் டியர் ஒன். டியர் ஒன் போலீஸ்காரர் 20 வருஷம் முடிச்சு ரிட்டயர் ஆனா 50 சதவீதம், அதுக்கு மேல வருஷத்துக்கு ரெண்டரை சதவீதம் ஏறி 30 வருஷத்துல 75ல நிக்கும். அவர் ரிட்டயர் ஆனப்புறம் இறந்தா அவர் வாங்கிட்டு இருந்த பென்ஷன் அப்படியே மனைவிக்கு போகும், ஒரு டாலர் குறையாது. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒண்ணு சொல்ல மறந்துடுவாங்க: அவர் உயிரோட இருந்த வரைக்கும் வருஷா வருஷம் 3 சதவீதம் ஏறிட்டு இருந்துச்சுல்ல, மனைவி கைக்கு வந்த நாள்ல இருந்து அது ஏறாது. அம்பத்தெட்டு வயசுல ஆரம்பிச்ச தொகைதான் எம்பத்தெட்டு வயசுலயும். விலைவாசி முப்பது வருஷத்துல என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. வயசான விதவைங்க நிறைய பேர் நல்ல ஆபீசரோட மனைவியா இருந்தும் சின்ன தொகையில ஓட்டுறதுக்கு காரணம் இதான்.

டியர் டூல ரிட்டயர் ஆனவர் இறந்தா மனைவிக்கு அவர் பென்ஷன்ல மூணுல ரெண்டு பங்கு. ஆனா இதுல மனைவிக்கு 60 வயசுக்கு அப்புறம் வருஷாந்திர ஏத்தம் உண்டு, 3 சதவீதம் இல்லன்னா விலைவாசி உயர்வுல பாதி, ரெண்டுல எது கம்மியோ அது. கொஞ்சம்தான், ஆனா டியர் ஒன்னுக்கு அதுவும் இல்லியே.

சரி, ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடியே, வேலையில இருக்கும்போதே, டியூட்டிக்கு சம்பந்தமில்லாம இறந்துட்டா? வீட்டுல மாரடைப்பு, லீவுல கார் ஆக்சிடென்ட், கேன்சர் இந்த மாதிரி. டியர் ஒன் போலீசுக்கு 10ல இருந்து 20 வருஷ சர்வீஸ் இருந்தா சம்பளத்துல 50 சதவீதம். டியர் டூவுக்கு 2020 ஜனவரியில இருந்து சட்டத்த கொஞ்சம் சரி பண்ணாங்க, 10 வருஷம் முடிச்சவரா இருந்தா சம்பளத்துல 54 சதவீதம் அல்லது அதுவரைக்கும் சம்பாதிச்ச பென்ஷன்ல மூணுல ரெண்டு பங்கு, எது அதிகமோ அது. தங்கச்சி வீட்டுக்காரருக்கு வருஷம் ஒரு லட்சம் டாலர் சம்பளம்னு வெச்சுக்கோங்க, 12 வருஷ சர்வீஸ். சம்பாதிச்ச பென்ஷன் 30 சதவீதம், அதுல மூணுல ரெண்டு பங்கு 20 சதவீதம், 20,000 டாலர். 54 சதவீதம்னா 54,000 டாலர். பெரியதுதான் கொடுப்பாங்க, அதனால 54,000. இதே மனுஷன் 25 வருஷம் முடிச்சு ரிட்டயர் ஆகி அப்புறம் இறந்தா? கணக்கு வசதிக்கு அதே ஒரு லட்சம்னே வெச்சுக்குவோம், பென்ஷன் 62,500, மனைவிக்கு ஏறக்குறைய 41,667. அதாவது நடு சர்வீஸ்ல இறந்ததவிட முழுசா உழைச்சுட்டு இறந்தா மனைவிக்கு கம்மி. யார் எழுதின லாஜிக்கோ, எனக்கு இது இன்னும் செரிக்கல.

10 வருஷம் முடியறதுக்கு முன்னாடி டியூட்டிக்கு வெளிய இறந்துட்டா போலீஸ் மனைவிக்கு மாசப் பென்ஷன் கிடையாது, அவர் ஃபண்டுல கட்டின காச திருப்பி வாங்கிக்கறதுதான். போலீஸ்காரங்க சம்பளத்துல 9.91 சதவீதம் கட்டுறாங்க, அது திரும்ப வரும், அவ்வளவுதான். சின்ன வயசு ஆபீசருங்க குடும்பத்துக்கு இது தெரியவே தெரியாது. "கவர்மென்ட் வேலை, பென்ஷன் இருக்கு"ன்னு நம்பி டேர்ம் இன்ஷூரன்ஸ் கூட எடுக்காம இருப்பாங்க. தங்கச்சி வீட்டுக்காரர் இந்த கோட்ட தாண்டிட்டார், ஆனா இத படிக்கிற யாராவது புதுசா சேந்தவங்க வீட்டுல இருந்தா மொத வேலையா அந்த இன்ஷூரன்ஸ எடுங்க.

அண்ணன் விஷயம், ஃபயர். ஆர்டிகிள் 4ல டியர் ஒன் ஆளோட மனைவிக்கு சம்பளத்துல 54 சதவீதம் அடிப்படை, 18 வயசுக்கு உட்பட்ட குழந்தை ஒவ்வொண்ணுக்கும் 12 சதவீதம் சேரும், மொத்தம் 75க்கு மேல போகாது. போலீசுக்கு இந்த குழந்தைக் கணக்கு இல்ல. ஃபயர் யூனியன்காரங்க ஸ்ப்ரிங்ஃபீல்ட்ல (அதான் இல்லினாய்ஸ் தலைநகரம்) உக்காந்து வாங்குனதுன்னு எங்க ஆபீஸ்ல சொல்லுவாங்க, எனக்கு அதுல ஆச்சரியம் இல்ல.

இப்ப பெரிய விஷயத்துக்கு வர்றேன். டியூட்டியில இறந்தா. ஆர்டிகிள் 3ல சட்ட வார்த்தை "ஆக்ட் ஆஃப் டியூட்டி". அதனால வந்த காயத்தாலயோ நோயாலயோ இறந்தார்னு முடிவானா மனைவிக்கு கடைசி நாள் ரேங்க் சம்பளத்துல 100 சதவீதம். சர்வீஸ் எத்தன வருஷம்னு பாக்கிறதில்ல, சேந்து ஆறே மாசம் ஆனவரா இருந்தாலும் முழு சம்பளம். டியர் டூவுக்கும் அதேதான். அதுக்கு மேல ஐஆர்எஸ் (ஃபெடரல் வரித் துறை) சட்டத்துல பிரிவு 101 எச்னு ஒண்ணு இருக்கு, டியூட்டியில கொல்லப்பட்ட பப்ளிக் சேஃப்டி ஆபீசரோட மனைவி, குழந்தைக்கு வர்ற சர்வைவர் பென்ஷனுக்கு ஃபெடரல் வருமான வரி கிடையாது. 1997ல கொண்டு வந்தாங்க. சாதாரணமா இறந்தவர் மனைவிக்கு வர்ற 54,000க்கு ஃபெடரல் வரி உண்டு (இல்லினாய்ஸ் மாநில வரி பென்ஷனுக்கு இல்ல). அப்ப பாருங்க, 54,000 மைனஸ் வரி ஒரு பக்கம், ஒரு லட்சம் வரியே இல்லாம இன்னொரு பக்கம். எல்லாம் அந்த மூணு வார்த்தைய போர்டு எப்படி படிக்குதுங்கறதுல இருக்கு.

போர்டுன்னா யாருன்னு கேப்பீங்க. போலீஸ் ஃபண்டுல அஞ்சு பேர். ரெண்டு பேர மேயர் போடுவார், ரெண்டு பேர சர்வீஸ்ல இருக்க போலீஸ்காரங்க ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுப்பாங்க, ஒருத்தர் பென்ஷன் வாங்குறவங்க சார்பா. 2019 சட்டத்துல முதலீட்டு பணத்தை எல்லாம் ஒண்ணா சேத்து போலீசுக்கு ஒரு மாநில ஃபண்டு, ஃபயருக்கு ஒரு மாநில ஃபண்டுன்னு ஆக்கிட்டாங்க, ஆனா யாருக்கு எந்த பென்ஷன்னு முடிவு பண்ற அதிகாரம் இன்னும் அந்த லோக்கல் அஞ்சு பேர் கையிலதான். ஹியரிங் நடக்கும், ஃபண்டு சார்பா வக்கீல் உக்காருவார், டாக்டர் ரிப்போர்ட் வரும். நம்மாளுங்க "நம்ம ஊர் போர்டுதானே, அவரோட ஃப்ரெண்ட்ஸ்தானே"ன்னு வக்கீல் இல்லாம போயிடறாங்க. போகாதீங்க. ஃப்ரெண்ட்ஸ்தான், ஆனா அவங்க அங்க ஃபண்டோட டிரஸ்டியா உக்காந்திருக்காங்க. முடிவு பாதகமா வந்தா, தீர்ப்பு கைக்கு வந்ததுல இருந்து 35 நாளுக்குள்ள சர்க்யூட் கோர்ட்ல கேஸ் போடணும், 36ஆவது நாள் போனா எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு மூடிடும். துக்கத்துல இருக்க வீட்டுல ஒரு கவர் வந்து டேபிள் மேல பிரிக்காம கிடக்கறதுக்கு 35 நாள் ஒண்ணும் பெரிய விஷயமில்ல, அதனால இத ரெண்டு தடவ படிச்சுக்கோங்க.

டியூட்டி நேரத்துல இறந்தாலே "ஆக்ட் ஆஃப் டியூட்டி"ன்னு நெனச்சுடக் கூடாது. சாதாரண குடிமகன் அன்றாட வாழ்க்கையில எடுக்காத ஒரு விசேஷ ரிஸ்க் அந்த வேலையில இருக்கணும்னு சட்டம் சொல்லுது. இதுல 1986ல இல்லினாய்ஸ் சுப்ரீம் கோர்ட் கொடுத்த ஜான்சன் தீர்ப்பு முக்கியம். சிகாகோவுல ட்ராஃபிக் டியூட்டியில இருந்த போலீஸ்காரர், ஒரு ஆக்சிடென்ட்டுக்கு உதவி கேட்டு வந்தவருக்காக ரோட்ட கடக்கும்போது விழுந்து அடிபட்டார். ரோட்ட எல்லாரும்தான் கடக்குறாங்க, இதுல என்ன விசேஷ ரிஸ்க்னு போர்டு சொல்லுச்சு. கோர்ட் ஒத்துக்கல, அவர் உடம்பால என்ன செஞ்சார்ங்கறத விட எந்த கடமைக்காக செஞ்சார்ங்கறதத்தான் பாக்கணும்னு சொல்லிடுச்சு. அது உடல் ஊனப் பென்ஷன் கேஸ்தான், ஆனா அந்த அளவுகோல்தான் இன்னைக்கும் ஆபீசருங்க கேஸ்கள்ல ஓடுது. ஸ்டேஷன்ல நாற்காலியில உக்காந்து ரிப்போர்ட் எழுதும்போது மாரடைப்பு வந்தா ஒரு பதில், திருடன துரத்திட்டு வந்து அரை மணி நேரத்துல விழுந்தா வேற பதில்.

ஃபயருக்கு இந்த விஷயத்துல கொஞ்சம் நல்ல நிலைமை. இதயம், நுரையீரல், கேன்சர் இதெல்லாம் புகை, கெமிக்கல்ல வேலை செஞ்சதால வந்த தொழில் நோயா எடுத்துக்கறதுக்கு ஆர்டிகிள் 4ல தனிப் பிரிவு இருக்கு, அஞ்சு வருஷ சர்வீஸ் இருக்கணும். போலீசுக்கு பொதுவா அந்த மாதிரி இல்ல. அதனால அண்ணனோட மெடிக்கல் ரெக்கார்ட், எந்தெந்த தீக்கு போனார்ங்கற ரன் ரிப்போர்ட் எல்லாம் ஒரு காப்பி வீட்டுல இருக்கறது நல்லது. பதினஞ்சு வருஷம் கழிச்சு ஒரு கேன்சர் வந்தா அப்ப தேடிட்டு ஓட முடியாது.

இந்த வகைப்படுத்தல் எவ்வளவு கனமானதுன்னு புரியணும்னா ஃபாக்ஸ் லேக் கதைய சொல்லணும், சிகாகோவுக்கு வடக்க இருக்க ஒரு சின்ன ஊர். 2015 செப்டம்பர் 1ஆம் தேதி அங்க ஒரு போலீஸ் லெஃப்டினன்ட் மூணு பேர துரத்துறேன்னு ரேடியோவுல சொன்னார், கொஞ்ச நேரத்துல சுட்டு இறந்து கிடந்தார். நூத்துக்கணக்குல போலீஸ், ஹெலிகாப்டர், நாய், தேசமே அந்த ஊர பாத்துச்சு, இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்குல கூட்டம். நவம்பர் 4ஆம் தேதி விசாரணைக் குழு வந்து சொல்லுச்சு: அது கொலை இல்ல, கவனமா ஜோடிச்ச தற்கொலை, பசங்களுக்கான எக்ஸ்ப்ளோரர் ப்ரோக்ராம் பணத்த பல வருஷமா எடுத்துட்டு இருந்தவர் மாட்டிக்குவோம்னு பயந்து செஞ்சதுன்னு. ரெண்டு மாசத்துல ஹீரோ மரணம்ங்கற பேப்பர் அப்படியே தலைகீழா மாறுச்சு. செத்த மனுஷன் அதே மனுஷன்தான், ஆனா மேல சொன்ன 100 சதவீதக் கணக்குல இருந்து எல்லாமே அந்த ஒரு முடிவுல ஆடிப் போச்சு. டியூட்டியில இறந்த கேஸ்கள்ல போர்டும் ஃபெடரலும் ஏன் பிரேத பரிசோதனை, டாக்சிகாலஜி ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு குடும்பங்க கோவப்படுவாங்க, அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பென்ஷன் போக ஒரே தடவையா வர்ற தொகைங்க தனி. பெருசு ஃபெடரல் அரசாங்கத்தோடது, பிஎஸ்ஓபி (பப்ளிக் சேஃப்டி ஆபீசர்ஸ் பெனிஃபிட்ஸ்), ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் நடத்துது. 1976ல 50,000 டாலர்ல ஆரம்பிச்சது, 1988ல ஒரு லட்சம், 2001 செப்டம்பர் 11க்கு அப்புறம் ரெண்டரை லட்சம், அதுக்கப்புறம் வருஷா வருஷம் அக்டோபர் 1ல விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஏறுது. 2024 அக்டோபர் 1ல இருந்து 2025 செப்டம்பர் வரைக்கும் அது 4,48,575 டாலரா இருந்துச்சு. மனைவி மட்டும்னா முழுசும் அவங்களுக்கு, குழந்தைங்களும் இருந்தா மனைவிக்கு பாதி, குழந்தைங்க எல்லாருக்கும் சேத்து மீதி பாதி. மனைவி படிப்புக்கும் பிள்ளைங்க படிப்புக்கும் மாசத் தொகை தனியா உண்டு. தன்னார்வ ஃபயர் ஃபைட்டருக்கும் இது பொருந்தும், சம்பளமே வாங்காதவர்னாலும் பரவால்ல. அமெரிக்காவுல ஃபயர் ஃபைட்டர்ல பாதிக்கு மேல அவங்கதான், அதனால இது சின்ன விஷயம் இல்ல.

இந்த சட்டம் வளந்த கதைய பாத்தாலே எந்தெந்த மரணத்த முன்னாடி விட்டுட்டாங்கன்னு புரியும். ஆரம்பத்துல காயத்தால இறந்தா மட்டும்தான். ஃபயர் ஃபைட்டருங்க டியூட்டியில இறக்கறதுல பெரும்பங்கு மாரடைப்புதான், அதுக்கெல்லாம் இது நோய், காயம் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டு இருந்தாங்க. 2003 டிசம்பர்ல ஹோம்டவுன் ஹீரோஸ் சட்டம் வந்து, கடுமையான, வழக்கத்துக்கு மாறான வேலை செஞ்சு 24 மணி நேரத்துக்குள்ள மாரடைப்போ ஸ்ட்ரோக்கோ வந்தா டியூட்டி மரணம்னே எடுத்துக்கணும்னு சொல்லுச்சு. கோவிட் மரணத்துக்கு 2020ல தனி சட்டம். தற்கொலைக்கு அம்பது வருஷத்துக்குப் பக்கமா கதவு மூடியே இருந்துச்சு, 2022 ஆகஸ்ட்லதான் டியூட்டியில பாத்த கொடூரமான சம்பவத்தோட பாதிப்பால நடந்த தற்கொலையையும் சேத்தாங்க, 2019 ஜனவரி வரைக்கும் பின் தேதியிட்டு. தற்கொலைன்னா எதுவும் வராதுன்னு பழசு தெரிஞ்சவங்க இன்னும் சொல்லிட்டு இருக்காங்க, யாராவது அப்படி ஒரு குடும்பம் தெரிஞ்சா இத சொல்லுங்க. அதே மாதிரி 2001ல இரட்டை கோபுரத்துல இறந்த நியூயார்க் ஃபயர் டிபார்ட்மென்ட் பாதிரியார் மைக்கேல் ஜட்ஜ், கல்யாணம் ஆகாதவர், குழந்தை இல்ல, பெத்தவங்க இல்ல, அப்ப இருந்த சட்டப்படி பணம் வாங்க யாருமே தகுதி இல்ல. அவர் பேருல 2002ல ஒரு சட்டம் வந்து, ஆபீசர் இன்ஷூரன்ஸ்ல யார எழுதியிருக்காரோ அவங்களுக்கும் போகலாம்னு ஆச்சு.

பிஎஸ்ஓபிக்கு ரெண்டு பேப்பர் போகணும், ஒண்ணு டிபார்ட்மென்ட் அனுப்புற மரண ரிப்போர்ட், இன்னொண்ணு குடும்பம் அனுப்புற க்ளைம். பொதுவா மூணு வருஷத்துக்குள்ள போட்டாகணும். டிபார்ட்மென்ட் பாத்துக்கும்னு குடும்பமும், குடும்பம் போட்டிருக்கும்னு டிபார்ட்மென்ட்டும் இருந்து கடைசியில ரெண்டும் போகாம கிடந்த கேஸ் நான் பாத்திருக்கேன், எந்த ஊர்னு சொல்ல மாட்டேன். போட்டாலும் முடிவு வர வருஷக்கணக்குல ஆகலாம், அதனால இந்த காச நம்பி உடனே வீட்டுக் கடன அடைக்கிற ப்ளான் எல்லாம் போடக் கூடாது. போலீஸ் குடும்பத்துக்கு கன்சர்ன்ஸ் ஆஃப் போலீஸ் சர்வைவர்ஸ், ஃபயருக்கு நேஷனல் ஃபாலன் ஃபயர்ஃபைட்டர்ஸ் ஃபவுண்டேஷன், ரெண்டும் இந்த பேப்பர்ல கூட உக்காந்து உதவுவாங்க. இல்லினாய்ஸ் மாநிலமும் தனியா டியூட்டி மரணத்துக்கு ஒரு தடவத் தொகை கொடுக்குது, அது கோர்ட் ஆஃப் க்ளைம்ஸ் வழியா, இதுக்கு அது தடையில்ல. அதோட 1997ல வந்த ஒரு இல்லினாய்ஸ் சட்டப்படி எமர்ஜென்சிக்கு போய், இல்ல குற்றவாளிய துரத்திப் போய் இறந்தவர் குடும்பத்துக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் ப்ரீமியத்த ஊரே முழுசா கட்டணும். அமெரிக்காவுல ஒரு குடும்பத்துக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் எவ்வளவு ஆகும்னு தெரிஞ்சவங்களுக்கு இது பென்ஷனுக்கு சமமான விஷயம்.

நியூயார்க் ஏற்பாடு வேற மாதிரி, ஒரு பத்தி மட்டும். அங்க டியூட்டியில இறந்தா ஃபண்டுல இருந்து பாதி சம்பளம், அதுக்கு மேல மாநிலச் சட்டப்படி ஸ்பெஷல் ஆக்சிடென்டல் டெத் பெனிஃபிட்னு ஒண்ணு, சோஷியல் செக்யூரிட்டி (ஃபெடரல் அரசாங்கத்தோட பொது பென்ஷன்) எல்லாம் கழிச்சு மொத்தம் கடைசி வருஷ சம்பளத்துக்கு சமமா வர்ற மாதிரி நிரப்புவாங்க. செப்டம்பர் 11 அன்னைக்கு 343 ஃபயர், 23 நியூயார்க் போலீஸ், 37 போர்ட் அத்தாரிட்டி போலீஸ் இறந்தாங்க. அதுக்கப்புறம் அந்த தூசிய சுவாசிச்சு நோய் வந்து இறந்த ஃபயர் ஃபைட்டருங்க எண்ணிக்கை அந்த 343ஐயே தாண்டிருச்சு. 2005, 2006 சட்டங்களால அந்த நோய்கள டியூட்டியால வந்ததாவே எடுத்துக்குவாங்க, ரிட்டயர் ஆகி வீட்டுல இறந்தவரா இருந்தாலும் மனைவிக்கு டியூட்டி மரண பென்ஷனா மாத்திக் கொடுப்பாங்க. ஆனா அவர் அங்க வேலை செஞ்சார்னு ஒரு நோட்டீஸ் ஃபைல்ல இருக்கணும்.

இப்ப கல்யாண தேதி. இதுல தங்கச்சிக்கு பிரச்சனை இல்ல, இருந்தாலும் சொல்றேன், ஏன்னா அதிகமா அடி வாங்குறது இதுலதான். ஆர்டிகிள் 3ல ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் கல்யாணம் பண்ணிக்கிட்ட மனைவிக்கு பென்ஷன் கிடையாது. இருபது வருஷம் கூட வாழ்ந்து கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டவங்களா இருந்தாலும் கிடையாது. 52 வயசுல ரிட்டயர் ஆகி 54ல கல்யாணம் பண்ற ஆபீசருங்க இங்க சர்வ சாதாரணம், ரெண்டு வருஷம் முன்னாடியே ரிஜிஸ்டர் பண்ணியிருந்தா முழு பென்ஷன். அதே மாதிரி டைவர்ஸ். கோர்ட் உத்தரவுல க்வில்ட்ரோன்னு (QILDRO) ஒரு பேப்பர் மூலமா முன்னாள் மனைவிக்கு அவர் பென்ஷன்ல பங்கு போகும், ஆனா அவர் இறந்த அன்னைக்கே அது நின்னுடும், சர்வைவர் பென்ஷன் அவங்களுக்கு கிடைக்காது. டைவர்ஸ் வக்கீலுங்களே பல பேர் இத கவனிக்காம விட்டுடறாங்க, அவர் பேர்ல ஒரு லைஃப் இன்ஷூரன்ஸ் போட்டு அத முன்னாள் மனைவிக்குன்னு செட்டில்மென்ட்லயே எழுதி வாங்கறதுதான் வழி.

வேற மாநிலத்துல இருக்கவங்க இத படிச்சா ஒரு எச்சரிக்கை. இல்லினாய்ஸ் சபர்ப்ல மனைவிக்கு தானா போயிடும், ஆனா நியூயார்க் மாதிரி இடங்கள்ல ரிட்டயர் ஆகற அன்னைக்கு ஆபீசர் ஒரு ஆப்ஷன் தேர்ந்தெடுக்கணும். முழு பென்ஷன் எனக்கேன்னு டிக் பண்ணா மாசம் அதிகமா வரும், அவர் இறந்ததும் மனைவிக்கு சைபர். கம்மியா வாங்கிக்கறேன்னு சொன்னா மனைவிக்கு தொடரும். பிரைவேட் கம்பெனி பென்ஷன்ல மனைவி கையெழுத்து இல்லாம இத செய்ய முடியாது, அது ஃபெடரல் சட்டம். கவர்மென்ட் பென்ஷனுக்கு அந்த சட்டம் பொருந்தாது, அதனால மனைவிக்கு தெரியாமலே அந்த டிக் விழலாம். அந்த ஃபார்ம பாத்தீங்களான்னு கேளுங்க, சண்டை வந்தாலும் பரவால்ல.

சோஷியல் செக்யூரிட்டி பத்தி குழப்பம் நிறைய. இல்லினாய்ஸ் சபர்ப் போலீஸ், ஃபயர் நிறைய பேர் அந்த வேலைக்காக சோஷியல் செக்யூரிட்டி கட்டறதில்ல, அதனால அந்த வேலையால மனைவிக்கு அதுல ஒண்ணும் வராது. முன்னாடி வேற வேலை பாத்து கட்டியிருந்தா வரலாம், 60 வயசுக்கு மேல, இல்லன்னா 16 வயசுக்குள்ள குழந்தை இருந்தா. 60க்கு முன்னாடி மறுமணம் பண்ணா அது நிக்கும், அப்புறம் பண்ணா நிக்காது. பல வருஷமா ஜிபிஓன்னு ஒரு ரூல் இருந்துச்சு, மனைவி தானே சோஷியல் செக்யூரிட்டி கட்டாத கவர்மென்ட் வேலையில பென்ஷன் வாங்கினா (இல்லினாய்ஸ் டீச்சருங்க மாதிரி), அந்த பென்ஷன்ல மூணுல ரெண்டு பங்க கணவன் வழியா வர்ற சோஷியல் செக்யூரிட்டில இருந்து வெட்டுவாங்க, பல பேருக்கு அது சைபரே ஆயிடும். 2025 ஜனவரி 5ல கையெழுத்தான சட்டத்துல அத எடுத்துட்டாங்க, 2024 ஜனவரி மாசத்துல இருந்தே கணக்கு. முன்னாடி "வராது, அப்ளை பண்ணாத"ன்னு சொல்லி விட்டுட்ட டீச்சர் விதவைங்க இப்ப போய் அப்ளை பண்ணணும், அப்ளையே பண்ணாதவங்களுக்கு தானா வராது.

ஃபண்டுல காசே இல்லன்னா என்ன பண்றதுன்னும் கேட்டிருந்தீங்க. இல்லினாய்ஸ் அரசியலமைப்புல பென்ஷன குறைக்கக் கூடாதுன்னு நேராவே எழுதியிருக்கு, 2015ல மாநில அரசே குறைக்கப் பாத்து சுப்ரீம் கோர்ட்ல தோத்துச்சு. ஆனா உரிமை இருக்கறது வேற, பெட்டியில காசு இருக்கறது வேற. ஹார்வின்னு சிகாகோவுக்கு தெற்க ஒரு ஊர், பென்ஷன் ஃபண்டுக்கு கட்ட வேண்டியத கட்டாம விட்டாங்க, 2018ல மாநில கம்ப்ட்ரோலர் (மாநிலப் பணத்த பட்டுவாடா பண்ற அதிகாரி) அந்த ஊருக்கு போக வேண்டிய வரிப் பணத்த நிறுத்தி வெச்சாங்க, ஊர்ல போலீஸ், ஃபயர் ஆளுங்களயே வேலைய விட்டு அனுப்ப வேண்டியதாச்சு. விதவை பென்ஷன் நின்னுடும்னு பயப்பட வேண்டியதில்ல, ஆனா தங்கச்சி ஊரோட ஃபண்டுல எத்தன சதவீதம் பணம் இருக்குன்னு வருஷாந்திர ரிப்போர்ட் வெப்சைட்லயே இருக்கும், பாத்துக்கலாம்.

கடைசியா மாமியார். மனைவியோ குழந்தையோ இருக்கற வரைக்கும் அம்மா அப்பாவுக்கு ஃபெடரல் தொகையில பங்கு இல்ல, அதுல பெத்தவங்க வரிசை ரொம்ப பின்னாடிதான். போலீஸ் ஃபண்டு பென்ஷனும் மொதல்ல தங்கச்சிக்கும், அவங்களுக்கப்புறம் 18 வயசு வரைக்கும் குழந்தைகளுக்கும்தான் போகும், அவங்க யாரும் இல்லன்னாதான் மகன நம்பி இருந்த பெத்தவங்களுக்கு; தங்கச்சியோ குழந்தைங்களோ இருக்கற வரைக்கும் மகன் மாசாமாசம் மதுரைக்கு அனுப்பிட்டு இருந்தார்ங்கறத போர்டு கணக்குல எடுக்காது. அதுவரைக்கும் மாமியாருக்கு எதாவது போகணும்னா அவர் கையெழுத்து போட்டு பேர் எழுதற இடங்கள்லதான் முடியும்: டிபார்ட்மென்ட் கொடுக்கற லைஃப் இன்ஷூரன்ஸ், 457 டெஃபர்ட் காம்பென்சேஷன் அக்கவுன்ட் (சம்பளத்துல பிடிச்சு ரிட்டயர்மென்ட்டுக்கு சேக்கற கணக்கு), தனியா எடுத்த டேர்ம் பாலிசி. அந்த ஃபார்ம்கள்ல வேலைக்கு சேந்த அன்னைக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி, யார் பேர எழுதினாரோ அதுவே இன்னும் இருக்கும், பல வீட்டுல அது முழுசுமே அம்மா பேருலதான் இருக்கு. தங்கச்சி வீட்டுக்காரர ஹெச்ஆர்ல இருந்து மூணுத்துக்கும் இப்ப இருக்க பெனிஃபிஷியரி காப்பி வாங்கச் சொல்லுங்க, யாருக்கு எத்தன சதவீதம்னு வீட்டுல பேசி, அம்மாவுக்கு ஒரு பங்கு வெச்சு புதுசா எழுதிக்கலாம்.